மனச்சோர்வும் உடல் அழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘டிப்ரஷன் என்பது மனநோயே இல்லை, மூளையில் வரும் அழற்சிதான், இந்தப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தால் போய்விடும்’ என்கிற ரீதியில் வீடியோக்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுவும் எல்லோருக்கும் பொருந்தாத உண்மை. இரண்டாம் பாதி வியாபாரம். நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, நடந்து முடிந்த ஆய்வுகளை வைத்து இங்கே பதில்.

அழற்சி என்று எதைச் சொல்கிறீர்கள்?

காலில் முள் குத்திய இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அது அழற்சி. எதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் அங்கே திரண்டு வந்து வேலை செய்வதன் அடையாளம். அந்தச் செல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ள சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் ஆகியவை இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரும் பெயர்கள்.

முள் எடுத்த பிறகு இந்த வீக்கம் வடிந்துவிடும். வடியாமல், கண்ணுக்குத் தெரியாத அளவில், உடம்பு முழுக்க மாதக்கணக்கில் லேசாக ஓடிக்கொண்டே இருக்கும் அழற்சியும் உண்டு. மனச்சோர்வோடு சேர்த்துப் பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

காய்ச்சல் வந்தால் மனசும் ஏன் படுத்துவிடுகிறது?

இந்தத் துறையே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. நல்ல காய்ச்சலில் கிடப்பவரைப் பாருங்கள். கஞ்சி வேண்டாம், டிவி வேண்டாம், பிடித்த ஆள் வந்தாலும் ‘அப்புறம் பேசறேன்’ என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். போன் அடித்தால் எரிச்சல். யோசித்து ஒரு முடிவெடுக்க முடியாது. இதே பட்டியலில் ஜுரத்தை மட்டும் எடுத்துவிட்டால், மனநல மருத்துவர் டிப்ரஷனுக்குக் குறித்து வைத்திருக்கும் அறிகுறிகளில் பாதி தேறிவிடும்.

கிருமி நம்மை வலுவிழக்கச் செய்வதால் வரும் சோர்வு இது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்க கால்நடை அறிவியலாளர் அதைத் திருப்பிப் போட்டார். நோயுற்ற விலங்கு சுருண்டு படுப்பதும் தின்ன மறுப்பதும் பலவீனம் அல்ல, தொற்றை எதிர்க்க உடம்பே போடும் ஏற்பாடு என்றார். காய்ச்சலைத் தாங்க நிறைய சக்தி வேண்டும். அலைந்து திரிந்தால் அந்தச் சக்தி வீணாகும், எதிரியின் கண்ணிலும் படலாம். அதனால் மூளையே ‘படு’ என்கிறது.

பிரான்சின் போர்டோ நகரில் ராபர்ட் டான்ட்சரின் குழு இதை எலிகளில் சோதித்துப் பார்த்தது. உயிருள்ள கிருமி எதையும் கொடுக்கவில்லை. பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த வேதிப்பொருளை மட்டும் ஊசியாகப் போட்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. கூண்டுக்குள் புதிதாக ஒரு குட்டி எலியை விட்டால் ஓடிப்போய் முகர்ந்து பார்க்கிற எலி, இப்போது மூலையைவிட்டு நகரவில்லை. மூளைக்குள் இன்டர்லூகின்-1 வேலை செய்யவிடாமல் தடுத்தபோது இந்த ஒதுக்கம் குறைந்தது. ஆக, எலியைப் படுக்கவைத்தது கிருமி அல்ல, அதன் சொந்த எதிர்ப்பு மண்டலம் அனுப்பிய சேதி.

எலி சரி, மனிதர்களில் நிரூபணம் இருக்கிறதா?

இருக்கிறது. அதுவும் யாரும் திட்டமிடாமலே கிடைத்த நிரூபணம்.

ஹெபடைடிஸ்-சி கல்லீரல் தொற்றுக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஊசியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். இன்டர்ஃபெரானும் ஒரு சைட்டோகைன்தான். எதிர்ப்பு மண்டலத்தை வேண்டுமென்றே உசுப்பிவிடும் மருந்து. போட்ட முதல் ஒன்றிரண்டு வாரங்களில் அசதி, பசியின்மை, தூக்கக் கேடு. அதை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எதிர்பாராதது அடுத்த சில வாரங்களிலும் மாதங்களிலும் வந்தது: காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, வீட்டில் சிடுசிடுப்பு, சிலருக்குத் தற்கொலை எண்ணம். ஹெபடைடிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழு அளவிலான மனச்சோர்வே வந்தது. இவர்களில் பலருக்கு அதற்கு முன் அப்படி வந்ததே இல்லை. ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு அது விலகியது.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ மில்லர் குழு ஒரு படி மேலே போனது. 2001இல் வெளியான அவர்களின் ஆய்வில் மெலனோமா நோயாளிகள் 40 பேர். பாதிப் பேருக்கு இன்டர்ஃபெரான் தொடங்க இரண்டு வாரம் முன்பே பராக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது, பராக்செடின் சாப்பிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு மட்டும். ஒரு விசேஷம்: மாத்திரை மனத்துயரைத் தடுத்த அளவுக்கு அசதியையும் பசியின்மையையும் தடுக்கவில்லை. ஒரே சைட்டோகைன் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளை இழுக்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த சான்றுகளில் மிக உறுதியானதாக நான் நினைப்பது இந்த இன்டர்ஃபெரான் கதையைத்தான். இன்று ஹெபடைடிஸ்-சிக்கு நேரடியாக வைரஸைத் தாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டதால் அந்த ஊசி கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது.

மூளைக்குத் தனியாகத் தடுப்புச்சுவர் உண்டு என்று படித்தோமே, சைட்டோகைன் எப்படி உள்ளே போகிறது?

சுவர் உண்மைதான். மூளையின் ரத்தக்குழாய்ச் செல்கள் நெருக்கமாகத் தைத்தாற்போல் இருக்கும், பெரிய புரதங்கள் சுலபத்தில் தாண்டாது. ஆனால் சேதி போவதற்குச் சுவரைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதில்லை. வயிற்றையும் நெஞ்சையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு சைட்டோகைன்களை உணர்ந்து மேலே தகவல் அனுப்புகிறது. எலிகளில் வயிற்றுப் பகுதியில் அந்த நரம்பை வெட்டிவிட்டால், வயிற்றுக்குள் ஊசி போட்டாலும் அவை முன்போல ஒடுங்கிக் கிடப்பதில்லை. சுவரின் செல்களே ரத்தப்பக்கம் சைட்டோகைனைப் பெற்று, மூளைப்பக்கம் வேறொரு ரசாயனத்தைச் சுரக்கவும் செய்யும். சுவர் இயல்பாகவே மெலிந்திருக்கும் சில சிறு பகுதிகளும் மூளையில் உண்டு.

எதிர்ப்புச் செல்கள் பயணிக்கும் நிணநீர்க் குழாய் மூளைக்குக் கிடையாது என்றுதான் நெடுநாள் பாடம் நடத்தினார்கள். 2015இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே மூளையைச் சுற்றியுள்ள உறையில் நிணநீர்க் குழாய்கள் ஓடுவதைக் காட்டின. மூளை எதிர்ப்பு மண்டலத்திலிருந்து விலகி நிற்கும் தனித்தீவு என்ற எண்ணம் அதோடு மேலும் பலவீனப்பட்டது.

சேதி போய்ச் சேர்ந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

மூளையில் நரம்புச் செல்களைத் தவிர மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் உண்டு. ஸ்பெயினின் ரியோ ஒர்த்தேகா 1919இல் அடையாளம் காட்டியவை. சும்மா இருக்கும்போது இவை கிளைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும், தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரிக்கும். வெளியிலிருந்து எச்சரிக்கை வந்தால் உருமாறி, தாங்களும் சைட்டோகைன் சுரக்கத் தொடங்கும்.

அடுத்து நடப்பவற்றில் நன்றாக ஆராயப்பட்டது டிரிப்டோபேன் விவகாரம். பருப்பு, முட்டை, பால் போன்றவற்றில் உள்ள புரதத்தின் ஒரு துண்டு அது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் செய்ய மூளைக்கு அதுதான் மூலப்பொருள். அழற்சி ஏற்படும்போது ஐடிஓ என்ற நொதி தூண்டப்பட்டு, டிரிப்டோபேனை வேறு பக்கம் திருப்பி கைனுரெனின் என்ற பொருளாக மாற்றுகிறது. கைனுரெனின் மூளைக்குள் போய், மைக்ரோகிளியாவின் கையில் குயினோலினிக் அமிலமாகலாம். அது நரம்புச் செல்களின் மேல் குளுட்டமேட் என்ற சேதி ரசாயனத்தை ஏற்கும் வாயில்களை அளவுக்கு மேல் தூண்டி நரம்புச் செல்களுக்குத் தொல்லை கொடுக்கும். ஆகவே ‘செரட்டோனின் குறைவு’ என்ற பழைய விளக்கத்தில் வராத ஒரு பகுதி இங்கே இருக்கிறது: குறைவைவிட, பக்கத்தில் சேரும் பொருள்தான் கூடுதல் சிக்கலாக இருக்கலாம்.

இன்னொன்று டோபமைன் என்ற மூளை ரசாயனம். ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்ற உந்துதலுக்கு இது வேண்டும். இன்டர்ஃபெரான் எடுத்தவர்களை ஸ்கேன் செய்தபோது மூளையின் ஆழத்தில் உள்ள டோபமைன் சார்ந்த பகுதிகளின் செயல்பாடு மாறியிருந்தது. அழற்சியோடு வரும் மனச்சோர்வில் அழுகையைவிட ‘ஒண்ணுமே செய்யத் தோணல’ என்ற புகார் முன்னால் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கார்டிசால் மூன்றாவது. அழற்சியை அடக்கும் இயற்கை ஹார்மோன் அது. நாள்பட்ட நெருக்கடியில் ரத்தத்தில் கார்டிசால் நிறையவே இருந்தாலும், எதிர்ப்புச் செல்கள் அதன் பேச்சைக் கேட்காமல் போய்விடுகின்றன.

அப்படியானால் டிப்ரஷன் உள்ளவர்கள் மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் மாதிரியா?

இல்லவே இல்லை. மூளைக்காய்ச்சலில் கிருமியோ தவறான எதிர்ப்பணுவோ மூளைத் திசுவை நேரடியாகத் தாக்குகிறது, அது அவசரநிலை. இங்கே பேசுவது அதைவிட எவ்வளவோ மெலிதான மாற்றம். 2015இல் டொரன்டோ ஆய்வாளர்கள் மனச்சோர்வில் இருந்த 20 பேரையும் நலமாக இருந்த 20 பேரையும் பெட் ஸ்கேனில் ஒப்பிட்டார்கள். மைக்ரோகிளியா உசுப்பப்படும்போது கூடும் ஒரு புரதம், மனச்சோர்வுள்ளவர்களின் மூளை முன்பகுதி உள்ளிட்ட சில இடங்களில் ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். ஆனால் அந்தப் புரதம் வேறு செல்களிலும் இருக்கும். ஆகவே ‘மூளை வீங்கியிருக்கிறது’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சாதாரண எம்ஆர்ஐயில் இதெல்லாம் தெரியவும் தெரியாது. அதற்காகக் காசைக் கரியாக்க வேண்டாம்.

டிப்ரஷன் உள்ள எல்லோருக்கும் அழற்சி இருக்கிறதா?

கிடையாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனச்சோர்வு உள்ளவர்களில் சிஆர்பி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்கு சொச்சம். சிஆர்பி என்பது அழற்சி கூடும்போது கல்லீரல் சுரக்கும் புரதம். மீதி முக்கால் பங்குப் பேரிடம் அப்படிக் குறிப்பிடும்படியான உயர்வு இல்லை. மறுபக்கம், சிஆர்பி எகிறியிருந்தும் மனம் தெளிவாக இருப்பவர்கள் ஏராளம்.

மனச்சோர்வு ஒரே நோயல்ல, பல வழிகளில் வந்து சேரும் ஒரே மாதிரியான நிலை என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. கடன், இழப்பு, குடும்ப வன்முறை, மரபணு, குடி, தைராய்டு என்று வழிகள் நிறைய. அழற்சி அதில் ஒன்று. சிலரிடம் முக்கியமான ஒன்று.

அழற்சியால் டிப்ரஷனா, டிப்ரஷனால் அழற்சியா?

இரண்டு திசையிலும் போக்குவரத்து இருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்றில், 9 வயதில் இன்டர்லூகின்-6 அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு 18 வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, குறைவாக இருந்தவர்களைவிட ஒன்றரை மடங்கு. அழற்சி முதலில், மனச்சோர்வு பிறகு. டென்மார்க்கில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்ததிலும் இதே வரிசை. தொற்றுக்காக மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநிலைக் கோளாறு வரும் அபாயம் 62 சதவீதமும், எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களுக்கு 45 சதவீதமும் கூடுதல்.

எதிர்த்திசையில், மனம் துவண்டவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, நடப்பதில்லை, சிலர் சிகரெட்டைக் கூட்டிவிடுகிறார்கள். எல்லாமே அழற்சியை ஏற்றும். உடல் பருமன் இரண்டு பக்கமும் ஆடும். வயிற்றுக் கொழுப்பே சைட்டோகைன் சுரக்கும் திசு. அதனால் ஓர் ஆய்வில் தொடர்பு தெரிந்தால் எடையைக் கணக்கில் எடுத்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். எடுத்த பிறகு பல ஆய்வுகளில் தொடர்பு சுருங்கிவிடுகிறது, முழுதாக மறைவதில்லை.

வெறும் கவலை உடம்பில் அழற்சியை உண்டாக்குமா?

உண்டாக்கும். அமெரிக்காவின் ஓஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995இல் செய்த ஆய்வு சின்னது, ஆனால் மறக்க முடியாதது. மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்கள், அந்தப் பாரம் இல்லாத அதே வயதுப் பெண்கள் 13 பேர். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும்வரை படமெடுத்தார்கள். பாரம் இல்லாதவர்களுக்கு ஆற 39 நாள், பராமரிப்பாளர்களுக்கு 49 நாள். ஏறக்குறைய அதே குழு 2003இல், வாழ்க்கைத்துணையைப் பராமரிப்பவர்களிடம் இன்டர்லூகின்-6 ஏறும் வேகம் மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று காட்டியது.

நம் வீடுகளில் படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ அப்பாவையோ வருடக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம், ‘உனக்கென்ன, வீட்லதான இருக்க’ என்று சொல்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

சிறுவயதுத் துன்பமும் இதில் சேரும். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஆயிரம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்த ஆய்வில், குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களின் சிஆர்பி 32 வயதிலும் கூடுதலாகவே இருந்தது.

லேபில் சிஆர்பி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க அது உதவாது. இரண்டு நாள் முன்பு வந்த சளி, பல் ஈறு வீக்கம், காலில் ஆறாத புண் எல்லாம் எண்ணை ஏற்றிவிடும். 10க்கு மேல் இருந்தால் முதலில் உடலில் எங்காவது தொற்றோ காயமோ இருக்கிறதா என்றுதான் மருத்துவர் தேடுவார். குறைந்த அளவிலான அழற்சியை அளக்க ‘ஹைசென்சிட்டிவ்’ சிஆர்பி என்று கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் அலகையும் பாருங்கள். சில லேபுகள் லிட்டருக்கு என்றும் சில டெசிலிட்டருக்கு என்றும் போடுகின்றன. டெசிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. இது தெரியாமல் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு ‘பத்து மடங்கு ஏறிடுச்சு’ என்று பயந்துபோகிறவர்கள் உண்டு.

அதைவிட, மனம் சோர்ந்திருப்பவர் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 இவற்றைப் பார்த்துக்கொள்வது கைமேல் பலன் தரும். இவற்றில் கோளாறு இருந்தால் சிகிச்சை நேரடியாகவே உண்டு.

வீக்கம் குறைக்கும் மாத்திரை போட்டால் டிப்ரஷன் போய்விடுமா?

இந்த ஒரு கேள்விக்காகவே பல கோடி செலவாகியிருக்கிறது. 2013இல் எமரி குழு, எந்த மருந்துக்கும் சரிவராத மனச்சோர்வு உள்ள 60 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு டிஎன்எஃபை முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப், மீதிப் பேருக்கு வெற்று நீர், இரண்டும் நரம்பு வழியே. 12 வாரம் கழித்து மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. சிஆர்பி 5க்கு மேல் இருந்தவர்களைத் தனியே பிரித்தபோது மருந்து பெற்றவர்களுக்கு முன்னேற்றம் அதிகம் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களிலோ மருந்து பெற்றவர்கள் வெற்று நீர் பெற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள்! அழற்சி இல்லாதவரின் அழற்சியைக் குறைக்கப் போனால் நன்மைக்குப் பதில் தொல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் காட்டுவதற்கு இந்த முடிவுதான் காரணம்.

மற்ற முயற்சிகள் கலவையாக முடிந்தன. 19,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மனச்சோர்வு வராமல் தடுக்க அது உதவவில்லை. பாகிஸ்தானில் இருமுனை மனநோயின் சோர்வுக் கட்டத்தில் இருந்தவர்களிடம் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் செலிகாக்சிப் என்ற வலிநிவாரணியும் சோதிக்கப்பட்டன, இரண்டும் பலனளிக்கவில்லை. வேறு சில சிறிய ஆய்வுகளில் செலிகாக்சிப் வழக்கமான மருந்தோடு சேர்ந்து உதவியிருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ என்று வாங்கிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: அந்தச் செட்டில் வலிநிவாரணியோடு ஸ்டீராய்டும் இருக்கலாம். வலிநிவாரணியைத் தொடர்ந்து போட்டால் குடல்புண்ணும் சிறுநீரகப் பழுதும் வரலாம். எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் இன்னும் கூடும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்துதான், ஆனால் அதுவே சிலருக்கு மனநிலையைத் தலைகீழாக்கிவிடும்.

இப்போது எழுதிக் கொடுத்திருக்கும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மேலே சொன்ன பராக்செடின் ஆய்வே, அழற்சியால் வந்த மனச்சோர்விலும் இந்த மாத்திரைகள் வேலை செய்ததைக் காட்டுகிறது. அழற்சி அளவைப் பொறுத்து மாத்திரையைத் தேர்ந்தெடுக்கலாமா என்ற ஆராய்ச்சி நடக்கிறது. 2014இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் சிஆர்பி 1க்குக் கீழ் இருந்தவர்களுக்கு எஸ்சிடலோபிராமும், அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்டிரிப்டிலினும் கூடுதல் பலன் தந்தன. ஆர்வமூட்டும் முடிவு, ஆனால் அன்றாட சிகிச்சையில் இதை வைத்து மருந்து எழுதும் நிலை இன்னும் வரவில்லை. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். குறைப்பதாக இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

மஞ்சள், மீன் எண்ணெய், வைட்டமின் டி?

குழம்பில் போடும் மஞ்சளை யாரும் நிறுத்த வேண்டாம். அதற்காக அது மருந்தாகிவிடாது. அதில் உள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். உறிஞ்சலைக் கூட்ட மிளகுச் சத்தோடு சேர்த்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. வைட்டமின் டியையும் ஒமேகா-3ஐயும் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை. பரிசோதனையில் வைட்டமின் குறைவு தெரிந்தால் அதற்காக எடுத்துக்கொள்வது வேறு விஷயம்.

அப்புறம் எதுதான் உதவும்?

தூக்கத்தை முதலில் வைப்பேன். கலிஃபோர்னியாவில் மைக்கேல் இர்வின் நடத்திய ஆய்வில், தூக்கம் வராமல் அவதிப்பட்ட, மனச்சோர்வு இல்லாத 60 வயதைக் கடந்த 291 பேர். ஒரு பாதிக்குத் தூக்கமின்மைக்கான நடத்தைப் பயிற்சி, மறுபாதிக்குத் தூக்கம் பற்றிய பாடம் மட்டும். மூன்று ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு வந்தது. தூக்க மாத்திரை எதுவும் இல்லை. படுக்கையில் போன் பார்க்காதது, தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது, தினமும் ஒரே நேரத்தில் விழிப்பது மாதிரியான கட்டுப்பாடுகள்தான்.

உணவில், ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். மனச்சோர்வுள்ள 67 பேரில் காய்கறி, பருப்பு, மீன், முழுத்தானியம் சார்ந்த உணவுக்கு மாறியவர்களில் 32 சதவீதம் பேர் 12 வாரத்தில் தேறினார்கள், பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். யார் எந்தக் குழு என்பது பங்கேற்றவர்களுக்கே தெரியும் என்பதால் இந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடற்பயிற்சியில் ஒரு வேடிக்கை. ஓடும்போது தசையே இன்டர்லூகின்-6ஐ ரத்தத்தில் விடுகிறது, ஆனால் அங்கே அது அழற்சியைத் தணிக்கும் சங்கிலியைத் தொடங்கி வைக்கிறது. ஒரே புரதம், இடத்தையும் நேரத்தையும் பொறுத்து வேறு வேலை. ஆகவே ‘இன்டர்லூகின்-6 கெட்டது’ என்று ஒற்றை வரியில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முடக்குவாதமோ சொரியாசிஸோ இருக்கிறது. மனசும் சரியில்லை. வலியால்தான் என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். சொரியாசிஸ் உள்ள 600க்கும் மேற்பட்டோரிடம், டிஎன்எஃபை முடக்கும் எட்டனர்செப்ட் என்ற மருந்தை வைத்து நடந்த ஆய்வில், தோல் எவ்வளவு தேறியது என்பதோடு அவ்வளவாக ஒட்டாமலே மனச்சோர்வு குறைந்தது. உங்கள் வாத மருத்துவரிடம் மனநிலையையும் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

சிக்குன்குனியா வந்து போய் மாதங்கள் ஆகியும் உற்சாகமே திரும்பவில்லை. இதுவும் அழற்சியா?

2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது மூட்டுவலியோடு மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் பலர். டெங்குவுக்கும் கோவிடுக்கும் பிறகும் நெடுநாள் அசதி வருவது தெரிந்ததே. இவர்களில் சிலரிடம் அழற்சி முழுதாக அணையாமல் தொடர்கிறது. ஆனால் வேலைக்குப் போக முடியாதது, வலியில் கெடும் தூக்கம், செலவு எல்லாம் சேர்ந்தும் மனத்தை அழுத்தும். எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க ஒரு டெஸ்ட் கிடையாது. காய்ச்சல் விட்டு ஓரிரு மாதம் ஆகியும், தொடர்ந்து இரண்டு வாரம் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே இருந்தால், ‘வைரஸ் அசதி’ என்று தள்ளிப்போடாமல் மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

தடுப்பூசியும் அழற்சியைத் தூண்டுமே, போடலாமா?

போடலாம். டைஃபாய்டு தடுப்பூசியைப் போட்டுப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில், நலமானவர்களுக்குச் சில மணி நேரத்தில் மனநிலை லேசாகத் தாழ்ந்தது. தற்காலிகமான, சின்ன மாற்றம். முழு நோய் கொடுக்கும் அழற்சி அதைவிடப் பன்மடங்கு.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நன்றாக இருந்தவரிடம் சில நாள் அல்லது சில வாரத்துக்குள் திடீரென்று நடத்தை மாறி, குழப்பமான பேச்சு, வலிப்பு, முகமோ கைகாலோ தானாக அசைவது, காய்ச்சல், பேச்சு குன்றுவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது சாதாரண மனச்சோர்வு அல்ல. எதிர்ப்பணுக்கள் மூளையின் வாயில்களையே தாக்கும் நோய் ஒன்று உண்டு. 2007இல்தான் அது சரியாக விளக்கப்பட்டது, இளம்பெண்களிடம் அதிகம். மாந்திரீகம், பேய் என்று நாளைக் கடத்தாமல் நரம்பியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சையில் பெரும்பாலோர் தேறுகிறார்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், காரணம் அழற்சியா வேறா என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு. அவரைத் தனியே விடாதீர்கள். இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.